கழுத்து வலி: ஸ்கேனுக்கு முன்னால் விரலைக் கேளுங்கள்

கேள்வி இதுதான். அக்காவுக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் டெய்லர். மூன்று வாரமாக வலப்பக்கக் கழுத்தில் வலி. அது தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்துக்கும், அங்கிருந்து மேல்கையின் பின்பக்கமாக நடுவிரல் வரைக்கும் இறங்குகிறது. நடுவிரல் மரத்துக் கிடக்கிறது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் சி5-சி6, சி6-சி7 டிஸ்க் பல்ஜ் (கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கியிருப்பது), கழுத்து வளைவு குறைவு என்று இருக்கிறது. ஒருவர் ஆபரேஷன் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சுளுக்கு எடுத்தால் போய்விடும் என்கிறார். எதை நம்புவது என்று தம்பி கேட்டிருக்கிறார்.

கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அக்கா எந்நேரமும் வலது கையைத் தலைமேல் வைத்துக்கொண்டே உட்காருகிறார், அம்மா திட்டுகிறார் என்று. ரிப்போர்ட்டில் இருக்கிற எல்லாவற்றையும் விட அந்த ஒரு வரிதான் எனக்கு அதிகம் சொன்னது.

தலையில் கை வைத்து உட்கார்ந்தால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் கையைத் தட்டிவிடுவார்கள். ஆனால் எலும்பு மருத்துவரான எனக்கு, காத்திருக்கும் வரிசையில் ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்தால், அவர் உள்ளே வருவதற்கு முன்பே பாதி விஷயம் புரிந்துவிடும். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்பின் வேர் நசுங்கியிருக்கும்போது கையைத் தொங்கவிட்டால் அந்த நரம்பு கீழே இழுபடும். கையை உயர்த்தித் தலைமேல் வைத்தால் இழுப்பு தளரும், வலியும் இறங்கும். யாரும் சொல்லித்தராமல் உடம்பு தானாகவே கண்டுபிடித்துக்கொள்கிற வழி இது. தோள்மூட்டில் கோளாறு உள்ளவர்களுக்கு இது நேர்மாறு. கையைத் தூக்கினால்தான் அவர்களுக்கு உயிர் போகும். அதனால் அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்ச நாளைக்கு அந்தக் கை அங்கேயே இருக்கட்டும்.

சரி, எந்த நரம்பு? அதை விரல் சொல்லும். கழுத்தில் எலும்புகள் 7, ஆனால் அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் 8 ஜோடி. முதல் ஏழும் அந்தந்த எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளிவரும், எட்டாவது மட்டும் ஏழாம் எலும்புக்குக் கீழே வரும். இந்தக் கணக்கின்படி சி5-சி6 தட்டு, அதாவது ஐந்தாம், ஆறாம் கழுத்தெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு பிதுங்கினால் பொதுவாக ஆறாம் நரம்பு மாட்டும், சி6-சி7 பிதுங்கினால் ஏழாம் நரம்பு மாட்டும். ஆறாவது மாட்டினால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரக்கும். எட்டாவது என்றால் சுண்டுவிரல், மோதிரவிரல் பக்கம் மரத்து, பிடி தளரும். நடுவிரலும் மேல்கையின் பின்பக்கமும் ஏழாம் நரம்பின் எல்லை. கழுத்தில் அதிகம் பேருக்கு நசுங்குவதும் அந்த ஏழாம் நரம்புதான். அக்கா வலி ஓடுகிறது என்று காட்டும் பாதை அதே பாதை.

அடுத்து பார்க்க வேண்டியது பலம். வலியைவிட எனக்கு இது முக்கியம். முழங்கையை நீட்டுகிற ட்ரைசெப்ஸ் தசைக்கு ஏழாம் நரம்புதான் ஆதாரம். தரையிலிருந்து கையை ஊன்றி எழும்போது வலது கை மடிந்துகொள்கிறதா? சப்பாத்தி தேய்க்கும்போது அழுத்தம் குறைகிறதா? வீட்டிலேயே சோதிக்கலாம். அக்கா முழங்கையைப் பாதி மடக்கி வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் மணிக்கட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, "என்னைத் தள்ளு" என்று சொல்லுங்கள். முதலில் இடது கை, பிறகு வலது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

மருத்துவர் செய்ய வேண்டியது இன்னும் கொஞ்சம் உண்டு. சிறு சுத்தியலால் முழங்கைக்குப் பின்னால் தட்டி, கை துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சால் விரல்களைத் தொட்டு உணர்ச்சியை ஒப்பிட வேண்டும். தலையை வலப்பக்கம் சாய்த்து உச்சியில் மெதுவாக அழுத்தினால் கையில் வலி பாய்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஸ்பர்லிங், ஸ்கோவில் என்ற இரண்டு அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 1944-ல் எழுதிய சோதனை அது, இன்றும் பயன்படுகிறது. இதை மட்டும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும். உங்கள் கேள்வி முழுக்கத் தேடினேன், யாராவது அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. ஸ்கேன் படத்தைப் பார்த்து மட்டுமே ஆபரேஷன் சொல்லியிருந்தால், அந்தப் பத்து நிமிடத்தைத் தருகிற இன்னொரு மருத்துவரிடம் கட்டாயம் ஒருமுறை காட்டுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். தையல் வேலை செய்பவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல் என்ற தொந்தரவும் சகஜம். அதிலும் நடுவிரல் மரக்கும். ஆனால் அது பெரும்பாலும் நடு இரவில் எழுப்பிவிடும், எழுந்து கையை உதறினால் தணியும், கழுத்தைத் திருப்புவதால் கூடவோ குறையவோ செய்யாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் சோதனை இருக்கிறது, என்.சி.எஸ். என்பார்கள்.

இப்போது ஸ்கேனுக்கு வருகிறேன். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல். வலி என்று ஒரு நாளும் சொல்லாதவர்கள் இவர்கள்! ஆகவே ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' என்ற சொல் இருப்பதாலேயே வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விரல் ஏழாம் நரம்பைக் காட்ட, ஸ்கேனும் சி6-சி7-ல் வலப்பக்கம் நரம்பு வெளிவரும் துளை குறுகியிருப்பதைக் காட்டினால் இரண்டும் பொருந்துகின்றன, நம்பலாம். ரிப்போர்ட்டில் வலமா இடமா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சி5-சி6-ல் இருக்கிற பிதுக்கம் அக்காவின் வலிக்குச் சம்பந்தமே இல்லாமல் சும்மா இருக்கலாம். விரலும் படமும் பொருந்தாவிட்டால் நான் விரல் பக்கம்தான் நிற்பேன். 'வளைவு குறைவு' என்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். வலியில் தசை இறுகிக் கிடக்கும்போதும், மெஷினுக்குள் படுத்திருக்கும் விதத்தாலும் அப்படித் தெரியும்.

தேய்மானம் என்ற சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். செருப்பு தேய்வதுபோல எலும்பு தேய்ந்து ஒருநாள் இல்லாமல் போய்விடும் என்று நினைத்து எத்தனையோ பேர் கழுத்தைத் திருப்பவே பயந்து வாழ்கிறார்கள். உண்மையில் நடப்பது, தட்டுகளில் நீர்ச்சத்து வற்றி உயரம் குறைவதும் எலும்பின் ஓரங்களில் சிறு முளைகள் வளர்வதும். நாற்பதைத் தாண்டிய பலரின் எக்ஸ்ரேயில் இது இருக்கும். அசைவுதான் அந்தக் கழுத்துக்கு நல்லது. அப்புறம், தலைசுற்றல் வந்தவுடன் 'கழுத்துத் தேய்மானம்' என்று முத்திரை குத்துவதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. படுக்கையில் புரண்டால் சில நொடி அறையே சுழலும் தலைசுற்றல் பெரும்பாலும் உள்காதுப் பிரச்சினை. அதற்குக் கழுத்தில் காலர் பெல்ட் போட்டுப் பயனில்லை.

நான் உண்மையிலேயே பயப்படுவது வேறொன்றுக்கு. நரம்பு வேர் நசுங்கினால் ஒரு கை வலிக்கும். தண்டுவடமே நசுங்கினால் பல நேரம் வலியே இருக்காது. சில வருடங்களுக்கு முன் அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார். இரண்டு கையும் மதமதப்பு. சர்க்கரையால் வந்தது என்று ஓரிடத்தில் மாத்திரை கொடுத்திருந்தார்கள், மணிக்கட்டு நரம்பு என்று இன்னோரிடத்தில் அறுவை சிகிச்சையே செய்திருந்தார்கள். அவருடைய புகார், சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்பதுதான். மனைவிதான் போட்டுவிடுகிறார் என்று கூச்சத்தோடு சொன்னார். கையை மூடி மூடித் திறக்கச் சொன்னேன். சாதாரணமாக 10 நொடியில் 20 முறை செய்யலாம். அவருக்கு ஒன்பதுக்கு மேல் வரவில்லை, சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் விலகியே நின்றுவிட்டது. குதிகாலும் நுனிக்காலும் தொட்டுத் தொட்டு நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் இரண்டாவது அடியில் சுவரைப் பிடித்தார். கழுத்து வலிக்கிறதா என்றால், இல்லவே இல்லை என்றார். அறுவை சிகிச்சையால் அவர் மேலும் மோசமாவது நின்றது, நடை தேறியது. விரல்களின் நுட்பம் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

எனவே அக்காவுக்கு இன்றே இந்த இரண்டையும் செய்து பாருங்கள், பத்து நொடிக் கைப்பிடியும் நேர்கோட்டு நடையும். ஊசியில் நூல் கோக்கிற கை அவருடையது, நுட்பம் குறைந்தால் அவருக்கே முதலில் தெரியும். இரண்டு கையிலும் தடுமாற்றம், கால்கள் கனத்து விறைப்பது, தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருப்பது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தக் கூடாது. இதைப் படிக்கிற தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அது ஒரு முக்கியக் காரணம். பல வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்த பெரியவர்களுக்கு முதுகெலும்பும் அதைப் பிணைக்கும் நார்களும் கெட்டித்துப்போய்த் தண்டுவடத்தை நெருக்கலாம். வயசானால் கழுத்து இறுகத்தான் செய்யும் என்று விட்டுவிடாதீர்கள்.

வேறு சில அபாயங்களையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். மாலையில் காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, படுத்தாலும் ஓயாத வலி என்றால் முதுகெலும்புக் காசநோயையும் புற்றுநோயையும் தேட வேண்டும். கடும் தலைவலியும் காய்ச்சலும் சேர்ந்து தாடை மார்பைத் தொட முடியாமல் கழுத்து விறைத்தால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். வண்டியில் விழுந்தபின் வந்த கழுத்து வலியைத் தேய்த்துவிடக் கூடாது, ஆடாமல் அசையாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படியேறினால் கழுத்திலும் தாடையிலும் பிடித்து, நின்றால் விடுகிறது என்றால் முதலில் இதயத்துக்கு ஈ.சி.ஜி.

சுளுக்கு எடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். சுடுதண்ணீர் ஒத்தடம், தோள்பட்டையில் எண்ணெய் போட்டு இதமாக நீவிவிடுவது, இதிலெல்லாம் எனக்கு ஆட்சேபணை இல்லை. தசை தளரும், தூக்கம் வரும். ஆனால் தாடையையும் பின்தலையையும் பிடித்துச் சட்டென்று திருகிச் சொடக்கு எடுப்பது கூடாது. சலூனில் முடிவெட்டி முடிந்ததும் செய்கிறார்களே, அதுவும்தான். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளுக்குள் புகுந்து மேலேறுகின்றன. உச்சியில், முதல் எலும்பைச் சுற்றி அவை கூர்மையாக வளைந்து உள்ளே போகின்றன. சட்டென்று திருகும்போது அந்த வளைவில் குழாயின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அடிக்கடி நடப்பதில்லைதான், ஆனால் நடந்தால் முப்பது வயதுக்காரருக்கும் நடக்கும், திரும்பப் பெற முடியாது. ஏற்கெனவே நரம்பு நசுங்கியிருக்கும் கழுத்தில் அந்தத் திருகல் பிதுக்கத்தை மேலும் தள்ளவும் கூடும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது, கொஞ்சம் பெரிய செய்தியே. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இதே நோய் கண்ட 561 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேருக்குத் தொந்தரவே இல்லை, அல்லது லேசாகத்தான் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அது இல்லாமலே தேறினார்கள். பிதுங்கி வெளியே வந்த மெத்தென்ற பகுதியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது, நரம்பைச் சுற்றிய வீக்கம் வடிகிறது. இதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். மூன்று வாரம் என்பது நோயின் உச்சம், முடிவெடுக்கிற நேரம் அல்ல. பலம் குறையாமல் இருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை காத்திருக்கலாம்.

காத்திருப்பது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதல்ல. வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின், குறைந்த நாட்களுக்கு எடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தக்கொதிப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடையில் தாங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போடுவதுதான் ஆபத்து. பிரிகாபலின், கபாபென்டின் போன்ற நரம்பு மாத்திரைகள் சிலருக்கு உதவும், ஆனால் தூக்கக் கலக்கம் தரும். ஓவர்லாக் மெஷினில் ஊசியோடு கத்தியும் ஓடுகிறது. அந்த மாத்திரையை இரவில் மட்டும் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், ஆரம்பத்தில் சில நாள் அக்கா மெஷினில் உட்காரவே வேண்டாம். பி12 ஊசி, சத்துக் குறைவு இருந்தால்தான் பயன்படும். முழுச் சைவம் சாப்பிடுகிறவர்களும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்களும் அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. நசுங்கிய நரம்பை அந்த ஊசி நிமிர்த்தாது.

காலர் பெல்ட்டைச் சிலர் அடியோடு திட்டுவார்கள், சிலர் வருடக்கணக்கில் கழற்றவே மாட்டார்கள். இரண்டும் சரியில்லை. நெதர்லாந்தில் 205 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. கை வலி புதிதாக வந்தவர்களில் காலர் போட்டு ஓய்வெடுத்தவர்களுக்கும், பிசியோதெரபி செய்தவர்களுக்கும், சும்மா இருந்தவர்களைவிட முதல் ஆறு வாரத்தில் வலி நன்றாகக் குறைந்தது. ஆறு மாதத்தில் மூன்று கூட்டத்தாரும் ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். அதாவது காலர் கொஞ்ச நாளைக்குத் துணை. ஒரு வாரம் போல் அக்கா பகலில் போடட்டும், பிறகு நாளுக்கு நாள் நேரத்தைக் குறைத்துக் கழற்றிவிடட்டும்.

பயிற்சியில் ஒரே ஒரு அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் போதும். வலி விரலிலிருந்து மேலேறிக் கழுத்தை நோக்கிச் சுருங்கினால், கழுத்து சற்றுக் கூடுதலாக வலித்தாலும் நல்ல வழியில் போகிறீர்கள். வலி இன்னும் கீழே ஓடினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். முதலில் தாடையைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சி. நேராக உட்கார்ந்து, பார்வை எதிரேயே இருக்க, பின்னால் உள்ள சுவரைத் தலையின் பின்பக்கம் தொடப்போவதுபோல மெதுவாக இழுத்து, ஐந்து எண்ணி விட வேண்டும். தலை மேலேயும் போகக் கூடாது, கீழேயும் கூடாது. அடுத்தது இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றுசேர்ப்பது. கை வலி அடங்கிய பின்தான் பலப் பயிற்சி. டென்மார்க்கில் அலுவலக ஊழியர்கள் 198 பேரிடம் செய்த ஆய்வில், ரப்பர் குழாயை மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியைத் தினம் வெறும் 2 நிமிடம், 10 வாரம் செய்தவர்களுக்கே கழுத்து, தோள் வலி தெளிவாகக் குறைந்தது. மாதக்கணக்கில் மெஷினின் முன் உட்கார்ந்து அவ்வப்போது வலிக்கிற மற்றவர்களுக்கும் இதையே சொல்வேன். ட்ராக்ஷன், அதாவது கழுத்தை மெதுவாக இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை, சிலருக்கு இதம் தருகிறது, கட்டாயமில்லை.

அறுவை சிகிச்சையை நான் எதிர்ப்பதாக எண்ண வேண்டாம். ட்ரைசெப்ஸ் பலம் வாரத்துக்கு வாரம் குறைந்தால், தண்டுவட அறிகுறி வந்தால், பன்னிரண்டு வாரம் முறையாகச் செய்தும் தூங்க முடியாமல் வலித்தால், தயங்காமல் செய்துகொள்ள வேண்டும். கழுத்தின் முன்பக்கமாகச் சிறு வெட்டு வழியாகப் பிதுங்கிய தட்டை எடுத்துவிட்டு இரண்டு எலும்புகளையும் இணைக்கும் முறை 1950-களிலிருந்தே நடக்கிறது. சில நாள் விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் இருக்கலாம். கை வலிக்கு அது நன்றாகக் கேட்கும், வெறும் கழுத்து வலிக்கு அந்த அளவுக்குக் கேட்காது.

கடைசியாக அந்த மெஷின். அக்காவுக்கு 41 வயது என்றீர்கள். நாற்பதில்தான் வெள்ளெழுத்து ஆரம்பிக்கும். கிட்டத்தில் இருப்பது மங்கும்போது ஊசி முனையைப் பார்க்க முகம் தானாகவே மெஷினுக்கு மேல் கவிழும். நாளுக்குப் பத்து மணி நேரம் அப்படிக் கவிழ்ந்த கழுத்துக்கு எந்த மருந்து கொடுத்தாலும் திரும்ப வலிக்கும். கண் பரிசோதனை செய்து, ஊசி இருக்கும் தூரத்தை அளந்து சொல்லிக் கண்ணாடி வாங்குங்கள். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கும், ஸ்டூலுக்குப் பதில் முதுகு சாயும் நாற்காலியும் கேட்டுப் பாருங்கள். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவரிடம் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்று சொல்வது எளிது, அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு என்பது எனக்குத் தெரியும். பண்டல் மாற்றும் நேரத்தில் எழுந்து, தாடையை ஐந்து முறை பின்னிழுத்தாலே போதும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் முழங்கைத் தள்ளு சோதனை, பத்து நொடிக் கைப்பிடி, நேர்கோட்டு நடை மூன்றையும் செய்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மரப்பு கடைசியாகத்தான் போகும், வலி போன பிறகும் மாதக்கணக்கில் விரல் நுனியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதற்காகப் பதற வேண்டாம். பலம் குறைந்தால் மட்டும் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மறுநாளே மருத்துவரிடம் போங்கள்.